மண்டையைத் திறக்காமல் வலியைத் தணிக்க முடியுமா? மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாலு வருஷமாக மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கழுத்து, இடுப்பு, முழங்கால், பக்கவாதம் வந்த கை என்று நாள் முழுக்க வலியோடுதான் பேச்சு. கொஞ்ச காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "தலையில காந்தம் வச்சு வலியைக் குறைக்கிறாங்களாமே, நெசமா?" வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இந்த மெஷினை நான் இயக்குவதில்லை, விற்பதும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் தேவைப்படுகிறவர்களை நரம்பு மருத்துவரிடம் அனுப்புகிறேன், போய் வந்தவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், இது என்ன சிகிச்சை?

மண்டை ஓட்டைத் திறக்காமல், ஊசி குத்தாமல், வெளியிலிருந்தே மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தூண்டுவது. இதில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று டிஎம்எஸ். எட்டு போட்ட மாதிரி வளைத்த ஒரு கம்பிச்சுருளை, 'காயில்' என்பார்கள், தலைமேல் பிடிப்பார்கள். அதற்குள் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்குப் பலமான மின்சாரம் பாயும். அதனால் உண்டாகும் காந்தப்புலம் எலும்பைத் தாண்டி உள்ளே போய், மூளையில் சின்ன மின்னோட்டத்தை எழுப்பும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே விதிதான். மூளைக்கு அதைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆந்தனி பார்க்கர், 1985இல். அந்தக் காந்தப்புலத்தின் பலம் ஒன்றரை, இரண்டு டெஸ்லா வரை போகும், எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினின் அளவுக்கு. ஆனால் தலையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் அது வேலை செய்யும்.

இன்னொன்று டிடிசிஎஸ். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சைத் தலையில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தை இருபது நிமிஷம் விடுவார்கள். இது நரம்பைச் சொடுக்கி எழுப்பாது, எழும்புவதற்கான மனநிலையை மட்டும் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர் 2000இல் இதை முறையாக அளந்து காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க ஆராய்ச்சி சூடுபிடித்தது.

வலி காலில் இருக்கிறது, தலையில் எதற்கு மெஷின்? என் வலி பொய் என்கிறீர்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் பலர் இந்த இடத்திலேயே காயப்பட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வீட்டில் மருமகளும் அப்படியே நினைத்திருப்பாள்.

உங்கள் வலி நிஜம். எல்லா வலியும் மூளையில்தான் வலியாகிறது. காலில் முள் குத்தினால் காலிலிருந்து கிளம்புவது ஒரு செய்தி. முதுகுத்தண்டு வழியாக மேலே போய், மூளை அதை எடைபோட்ட பிறகுதான் "ஆ" என்கிறோம். அழகரைப் பார்க்க ஆற்றில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்போது காலில் கண்ணாடி கிழித்தது தெரியாமல், வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகு வலித்த கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செய்தி போய்க்கொண்டுதான் இருந்தது, மூளை கதவைச் சாத்தி வைத்திருந்தது. இப்படி நடுவழியில் கதவு மாதிரி ஒரு ஏற்பாடு முதுகுத்தண்டிலேயே இருக்கிறது என்று மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965இல் எழுதினார்கள். மூளையும் மேலிருந்து அந்தக் கதவை ஆட்டிவைக்கிறது.

சிலருக்கு இது தலைகீழாக நடக்கிறது. நரம்பு கெட்டுப்போனாலோ, மூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலோ, புதுச் செய்தி எதுவும் வராமலே மூளை வலியை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். லாரி விபத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட ஒருவர் "இல்லாத கால்ல கட்டைவிரல் முறுக்குது சார்" என்று அழுதிருக்கிறார். அவருக்குக் கால் இல்லை, வலி இருக்கிறது. அந்த வலிக்கு மருந்து தேட வேண்டிய இடம் மூளைதான் என்று அவருக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

எந்த மாதிரி வலிக்கு இது?

நரம்பு வலிக்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது. எரிச்சல், சுளீர் சுளீரென்று கரண்ட் அடிப்பது, ஊசி குத்துவது, மதமதப்பு, போர்வை பட்டாலே கூசுவது என்று சொல்கிறவர்களின் வலி. சர்க்கரையால் பாதத்தில் வரும் எரிச்சல், அக்கி போட்டு ஆறிய பிறகும் விலாவில் தங்கிவிடும் வலி, முதுகுத்தண்டு அடிபட்ட பின் வருவது, பக்கவாதத்துக்குப் பின் வருவது எல்லாம் இதில் சேரும்.

உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவிலும் ஓரளவு பலன் காட்டியிருக்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்குத் தனிக் கதை: ஒரே ஒரு துடிப்பு கொடுக்கும் கையடக்க டிஎம்எஸ் கருவிக்கு 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது.

முட்டி தேய்ந்த வலி, தூக்கக்கூடாத மூட்டையைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது, இதற்கெல்லாம் இந்த மெஷினைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. நாள்பட்ட இடுப்பு வலிக்கு டிடிசிஎஸ் கொடுத்து ஜெர்மனியில் 135 பேரிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. உண்மையான கரண்ட் பெற்றவர்களுக்கும் பொய்க் கரண்ட் பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இடுப்பு வலிக்கு நடையும் உடற்பயிற்சியும்தான் இன்றைக்கும் முதல் மருந்து.

பக்கவாதத்துக்குப் பிறகு வருகிற வலி என்கிறீர்களே, அது எப்படி இருக்கும்?

என்னிடம் வரும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் மல்லிகை மொட்டு வாங்கி வந்து, கட்டி விற்பவர். ஐம்பத்தி மூணு வயதில் இடது பக்க மூளையில் அடைப்பு வந்தது. கை நன்றாகவே திரும்பி வந்துவிட்டது, மூன்று மாதத்தில் பழையபடி நாரை முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் வலது கையில் எரிச்சல் தொடங்கியது.

மல்லிகை வாடாமல் இருக்க மொட்டின் மேல் தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு மூடி வைப்பார்கள். வாழைநாரையும் தண்ணீரில் நனைத்துத்தான் கட்ட முடியும். அந்தக் குளிர்ந்த ஈரம் விரலில் பட்டதும் அவருக்குக் கொதிக்கிற எண்ணெய் பட்ட மாதிரி எரிந்தது. "தம்பி, பூ சுடுதுப்பா" என்றார். நான் ஒரு கிண்ணத்தில் பானைத் தண்ணீரும் இன்னொன்றில் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து, கண்ணை மூடச் சொல்லி விரலை நனைத்துப் பார்த்தேன். இடது கை சரியாகச் சொன்னது. வலது கைக்குப் பானைத் தண்ணீர்தான் சுட்டது. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கையில் ஒரு கோளாறும் கிடையாது. குளிர்ச்சி, சூடு, வலி எல்லாவற்றையும் பிரித்து அனுப்பும் உள்மூளைப் பாதையில் அடிபட்டிருந்தது. மாத்திரைக்குச் சரியாக மசியாத வலி இது. ப்ரீகாபலின் கொடுத்தார்கள், தூக்கம் வந்தது, எரிச்சல் கொஞ்சம்தான் குறைந்தது.

அவருக்கு இந்தச் சிகிச்சை செய்தார்களா? குணமானதா?

மகன் பெங்களூரில் இருப்பதால் அங்கே தங்கி, நரம்பு மருத்துவர் ஒருவரிடம் பத்து தடவை டிஎம்எஸ் எடுத்துக்கொண்டார். போகும் முன் பத்துக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த வலியை, வந்த பிறகு ஐந்து என்றார். பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ஈரநாரைப் பிடிக்க முடிந்தது. ஆறேழு வாரம் கழித்து மெல்ல ஏழுக்குப் போனது. இப்போது மறுபடி போகலாமா என்று யோசிக்கிறார்.

இந்த மூன்று புள்ளியில் காந்தம் செய்தது எவ்வளவு, பத்து நாள் பேரப்பிள்ளையோடு இருந்த நிம்மதி செய்தது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரு ஆளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆராய்ச்சி தேவைப்படுகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வலி உணர்வுக்கு மருத்துவம் என்றால் உணர்வுப் பகுதியைத்தானே தூண்ட வேண்டும்?

நியாயமாக எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தூண்டுவது கைகாலை அசைக்க உத்தரவு போடும் பட்டையை. உச்சந்தலையிலிருந்து காதுப்பக்கம் இறங்கும் ஒரு பட்டை அது, வலிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில். வலது கை எரிந்தால் இடது மண்டையில் வைப்பார்கள்.

இது எப்படித் தெரியவந்தது என்றால், ஜப்பானில் த்சுபோகாவா என்ற அறுவை மருத்துவர் பக்கவாதத்துக்குப் பிந்திய வலிக்கு மண்டையைத் திறந்து மின்முனை வைத்துப் பார்த்தார். உணர்வுப் பட்டையைத் தூண்டுவதை விட அசைவுப் பட்டையைத் தூண்டுவதில்தான் வலி தணிந்தது. 1991இல் எழுதினார். அதே இடத்தை மண்டையைத் திறக்காமலே தூண்டிப் பார்ப்போமே என்று வந்ததுதான் வலிக்கான டிஎம்எஸ்.

காரணம் முழுதாக விளங்கிவிடவில்லை, பாதி விளங்கியிருக்கிறது. அந்தப் பட்டையிலிருந்து உள்மூளைக்கும், வலிக்கதவை இயக்கும் நடுமூளைக்கும் நரம்புகள் போகின்றன. உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருட்கள் அங்கே வேலை செய்கின்றன. அந்தப் பொருட்களைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அசைவுப் பட்டைத் தூண்டலின் வலி குறைக்கும் பலனும் மங்கிவிடுகிறது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். மெஷின் வெளியிலிருந்து மருந்து எதையும் கொண்டுவரவில்லை, உங்களுக்குள்ளேயே இருக்கிற மருந்துக்கடையின் கதவைத் தட்டுகிறது.

அந்த அறைக்குள் என்ன நடக்கும்? வலிக்குமா?

பல வருஷத்துக்கு முன் ஒரு பயிற்சியில் மெஷினைக் காட்டியபோது "யாராவது கை கொடுங்க" என்றார்கள், நான் உட்கார்ந்தேன். தலையில் நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை இழுத்துவிட்டு, ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தார்கள். காதில் பஞ்சு மாதிரி அடைப்பான், ஏனென்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் "டக்" என்று கட்டைவிரலால் பெஞ்சைச் சுண்டியது போல ஆனால் அதை விடப் பலமாகச் சத்தம் வரும். காயிலைத் தலைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். டக். ஒன்றுமில்லை. அரை சென்டிமீட்டர் பின்னால். டக். நான் சும்மா மடியில் போட்டிருந்த வலது கையின் கட்டைவிரல் தானாக உள்ளே துள்ளியது.

நான் அசைக்கவில்லை, அசைக்க நினைக்கவும் இல்லை. அந்த விரலை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கவாதக்காரர்களின் அசையாத கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற எனக்கு, அது சாதாரண விஷயமாகப் படவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் துள்ளல்தான் அளவுகோல். பத்துத் துடிப்புக்கு ஐந்து தடவையாவது தசை அசைகிற மிகக் குறைந்த பலம் எது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு தலைக்கும் அது வேறு. சிகிச்சையை அதற்குச் சற்றுக் கீழே, எண்பது தொண்ணூறு சதவீதத்தில் கொடுப்பார்கள். செகண்டுக்குப் பத்து துடிப்பு என்ற கணக்கில் சில செகண்ட் கொடுத்து, இடைவெளி விட்டு, மறுபடி கொடுத்து, ஒரு தடவைக்கு 1,500 முதல் 3,000 துடிப்பு வரை போகும். மொத்தம் இருபது நிமிஷம், அரை மணி நேரம். மயக்க மருந்து கிடையாது. முடிந்ததும் எழுந்து நடந்து வெளியே வந்து டீ குடிக்கலாம். நெற்றிப்பொட்டுப் பக்கம் தசை வெடுக் வெடுக்கென்று இழுக்கும், சிலருக்குத் தலைவலி வரும், பாரசிட்டமாலில் போய்விடும்.

இது கரண்ட் வைத்தியமா? பைத்தியத்துக்குக் கொடுப்பது போல?

இல்லை. அந்தப் பழைய மின்அதிர்ச்சி சிகிச்சை 1938இல் இத்தாலியில் தொடங்கியது. அதில் மயக்கம் கொடுத்து, வேண்டுமென்றே சின்ன வலிப்பை வரவழைப்பார்கள், அதுதான் அங்கே மருந்து. கடுமையான மனநோய்க்கு அது இன்றைக்கும் உயிர் காக்கிற சிகிச்சை. மனநோய் வந்தவர்களைப் "பைத்தியம்" என்று சொல்வதை நாம் விட்டுவிட வேண்டும். டிஎம்எஸ்ஸில் வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் விதி.

மனநல மருத்துவரிடம் இந்த மெஷின் இருப்பதைப் பார்த்து வீட்டார் தயங்குவதும் உண்டு. அமெரிக்காவில் 2008இலேயே மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்ததால் மெஷின் முதலில் அவர்களிடம்தான் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் இடுப்பில் ஒட்டுகிற கரண்ட் மெஷினும் இதுதானா?

அது டென்ஸ். தோலில் உள்ள நரம்பைக் கிச்சுக்கிச்சு மூட்டுவது. இது மூளைக்கு.

யாருக்கு ஆகாது?

தலைக்குள் உலோகம் உள்ளவர்களுக்கு: ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட கிளிப், வெல்டிங் வேலையில் கண்ணுக்குள் போன இரும்புத்தூள், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், மருத்துவர் தனியாக யோசித்துச் சொன்னால் ஒழியத் தள்ளி நிற்பது நல்லது. பல்லில் அடைத்த உலோகத்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

வலிப்பு வருவது மிக மிக அபூர்வம், ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. தூக்கமில்லாமல் போவதும், முந்தின நாள் குடித்துவிட்டுப் போவதும் அந்த அபாயத்தைக் கூட்டும். எதிர்சேவைக்கு விடிய விடிய முழித்துவிட்டு மறுநாள் காலை போய் உட்காராதீர்கள், தேதியை மாற்றிக் கேளுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அத்தனையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். நரம்பு வலிக்கே கொடுக்கிற அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகள் வலிப்பு வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டக்கூடியவை, அதை மருத்துவர் தெரிந்து அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆராய்ச்சி உண்மையில் என்ன சொல்கிறது? ஒருவர் அற்புதம் என்கிறார், ஒருவர் ஏமாற்று என்கிறார்.

இரண்டு பேரும் ஒவ்வொரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

2018இல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு அதுவரை வந்த 94 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 3,000 பேரை, ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டது. எல்லா வகை நாள்பட்ட வலியும் அதில் கலந்திருந்தது. டிஎம்எஸ்ஸால் குறுகிய காலத்துக்குச் சின்னதாக வலி குறையலாம், ஆனால் நோயாளி "எனக்குத் தேவலை" என்று உணரும் அளவுக்கு அது போகவில்லை, ஆய்வுகளின் தரமும் போதாது என்று எழுதினார்கள். "ஏமாற்று" என்கிறவர் கையில் இருப்பது இது.

2020இல் ஐரோப்பிய நிபுணர்கள் கூடி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள். அவர்கள் நரம்பு வலியைத் தனியாகப் பிரித்தார்கள், இடம், வேகம் எல்லாவற்றையும் பிரித்தார்கள். வலிக்கு எதிர்ப்பக்கத்து அசைவுப் பட்டையில் வேகமான துடிப்பு கொடுத்தால் நரம்பு வலி குறைவது உறுதி என்று மிக உயர்ந்த 'ஏ' தரம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சுமார் 150 நரம்பு வலி நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வும் அசைவுப் பட்டைக்கே சாதகமாக வந்தது. அதே ஆய்வில் நெற்றிப் பகுதியைத் தூண்டியவர்களுக்குப் பலன் இல்லை. அங்கே முதலில் நாள்தோறும் கொடுத்துவிட்டு, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக் கூட்டி மொத்தம் பதினைந்து தடவை கொடுத்தார்கள். நம் பூக்கார அக்காவுக்கு ஆறு வாரத்தில் வலி திரும்பியதை வைத்துப் பார்த்தால், இந்த விட்டுவிட்டுக் கொடுக்கும் முறை ஏன் முக்கியம் என்று புரியும்.

என் முடிவு என்ன என்று கேட்டால்: நரம்பு வலிக்கு, மாத்திரை போதாதபோது, சரியான இடத்தில் சரியாகக் கொடுத்தால், பலருக்கு ஓரளவு குறையும். எல்லோருக்கும் குறையாது. அடியோடு போய்விடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஆய்வில் சேர்ந்தால் பொய்ச் சிகிச்சை கொடுப்பார்களாமே? அது அநியாயம் இல்லையா?

பாதிப் பேருக்குப் பொய்க் காயில் வைப்பது உண்டு. டக் டக் சத்தம் வரும், தலையில் தொடுவது தெரியும், காந்தம் உள்ளே போகாது. வலியில் நம்பிக்கைக்கே பெரிய பலன் இருப்பதால் இப்படிச் செய்தால்தான் மெஷினின் பங்கு எவ்வளவு என்று தெரியும். கிமு காலத்து வைத்தியம் முதல் இன்றைய டிவி விளம்பரம் வரை, எதைக் கொடுத்தாலும் சிலருக்கு வலி குறையத்தான் செய்கிறது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அதில் எத்தனை பேருக்கு மீன் உதவியது, எத்தனை பேருக்கு நம்பிக்கை உதவியது என்று எண்ணிப் பார்க்க அன்றைக்கு வழியில்லை. இன்றைக்கு இருக்கிறது.

அநியாயம் ஆவது எப்போது என்றால், உங்களிடம் சொல்லாமல் செய்தால். ஒப்புதல் படிவத்தில் இது எழுதியிருக்க வேண்டும், உங்களுக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும். எந்த நாளும் "வேண்டாம், நான் போறேன்" என்று எழுந்துவிடலாம், அதனால் வழக்கமான வைத்தியம் நிற்கக்கூடாது.

மதுரையிலிருந்து ஆய்வில் சேர வழி உண்டா?

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்ய சிடிஆர்ஐ என்ற பதிவேடு 2007 முதல் இருக்கிறது, 2009 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் பத்து நிமிஷத்தில் தேடிக் கொடுத்துவிடும். எந்த ஊர், யார் பொறுப்பு, யாரைச் சேர்ப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் மூளைத் தூண்டல் ஆராய்ச்சி பல வருஷமாக நடக்கிறது.

இங்கிருந்து இரவு பஸ் ஏறினால் விடியும்போது பெங்களூரு. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், இரண்டு மூன்று வாரம் என்று தொடர்ந்து போக வேண்டியிருக்கும். தங்குகிற செலவு, கூட வருகிறவரின் கூலி நஷ்டம் இதெல்லாம்தான் நம் பக்கத்து ஆட்களுக்கு உண்மையான தடை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர், "மெஷினு ஓசிதான் தம்பி, ஆடு மாட்டை யாரு பாக்குறது?" என்று கேட்டார். ஆய்வு நடத்துகிறவர்கள் பயணச் செலவு தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. இந்த ஆய்வுகள் நம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. பூக்கட்டுகிறவரும் கொத்தனாரும் சேராத ஆய்வில் வருகிற பதில், அவர்கள் கைக்குப் பொருந்துமா என்று எப்படிச் சொல்வது?

எங்கே போவதானாலும் முதலில் பெரியாஸ்பத்திரியிலோ, நீங்கள் பார்க்கிற இடத்திலோ நரம்பு மருத்துவரிடம் காட்டி, இது நரம்பு வலிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வராமலே பாத எரிச்சலுக்கு மெஷின் தேடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

பணம் கட்டிச் செய்துகொள்ளலாமா? "பத்து சிட்டிங், கேரண்டி" என்கிறார்களே?

கேரண்டி என்ற சொல் காதில் விழுந்த உடனே எழுந்து வந்துவிடுங்கள். என் சொந்தக்காரர் ஒருவர் இடுப்பு வலிக்கு வெளியூரில் ஓரிடத்தில் மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டினார். வளையலை அடகு வைத்த காசு. என்ன வலி என்று யாரும் சோதிக்கவில்லை, விரல் துடிக்கிற அளவையும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒரே அளவு. வலி குறையவில்லை, "இன்னும் பத்து போடுங்க" என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: என் வலி எந்த வகை? மூளையின் எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்? என் விரலை வைத்து அளவு பார்ப்பீர்களா? எத்தனை தடவைக்குப் பிறகு பலன் இல்லையென்றால் நிறுத்துவீர்கள்? முறையாகச் செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆன்லைனில் பேட்டரி போட்ட கருவி விற்கிறதே, வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

வேண்டாம். டிடிசிஎஸ் பார்க்க எளிது, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், அதனால் பலர் தாங்களே செய்து பார்க்கிறார்கள். ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் புண்ணாகும். இடம் மாறினால் எந்தப் பகுதியைத் தூண்டுகிறோம் என்றே தெரியாது. வீட்டில் வைத்துச் செய்யும் முறையை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள், ஆனால் அங்கே அளவு பூட்டப்பட்டிருக்கும், வீடியோவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கபாபென்டின், ப்ரீகாபலின் போன்றவற்றைப் படக்கென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். டிஎம்எஸ் எடுக்கும் நாட்களில் மாத்திரையின் அளவு மாறினால், எதனால் குறைந்தது என்று மருத்துவருக்கும் தெரியாமல் போகும். உடற்பயிற்சியும் அப்படித்தான், நிறுத்த வேண்டாம். வலி சற்றுத் தணிந்திருக்கும் அந்த வாரங்களில்தான் கையை நன்றாகப் பழக்க முடியும். பூக்கார அக்காவுக்கு அந்த ஆறு வாரத்தில் கையுறையைக் கழற்றி, முதலில் ஈரமில்லாத நார், அப்புறம் லேசாக நனைத்த நார் என்று படிப்படியாகப் பழக்கினோம்.

தாலியைக் கழற்றச் சொல்வார்களா? எண்ணெய் வைக்கலாமா?

பெண்கள் கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்கிற கேள்வி இது, ஆனால் இதற்காகவே போகாமல் இருந்தவர்களும் உண்டு. காயில் பக்கத்தில் உலோகம் இருக்கக்கூடாது. தோடு, மூக்குத்தி, ஹேர்பின், கழுத்துச் சங்கிலி, காது மெஷின், ஏடிஎம் கார்டு, செல்போன் எல்லாம் வெளியே. எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போகும்போது செய்கிற மாதிரி, பொன்னில் கோத்ததைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போகலாம், பலர் அப்படித்தான் போகிறார்கள். கழற்ற வராத மூக்குத்தி என்றால் முதல் நாளே தட்டானிடம் போய்விடுங்கள், அங்கே போய் இழுத்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துக் காயவிட்டுப் போங்கள். எண்ணெய் இருந்தால் தொப்பி வழுக்கும், டிடிசிஎஸ்ஸில் கரண்ட் சீராகப் போகாது. கொண்டை போடாமல் தாழ்வாக ஒரு பின்னல், ரப்பர் பேண்டில் இரும்பு வளையம் இல்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பூவைக் கையில் கொண்டுபோய் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம். அந்த அக்கா பத்து நாளும் அப்படித்தான் செய்தாராம். பெங்களூரில் முழம் என்ன விலை என்பதையும் வந்து சொன்னார்.